சேலைக்குள் ஒரு தகடு

பழங்காநத்தத்தில் குடோன், டவுனில் ஜவுளிக்கடை. இரண்டுக்கும் நடுவே எந்தச் சேலை எங்கே இருக்கிறது என்பது, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆண்டவனுக்கே வெளிச்சம். மாம்பழ நிறப் பட்டு கேட்டு வந்தவரை இல்லையென்று அனுப்பிவிடுவோம். மறுநாள் பார்த்தால் குடோனில் ஓர் அடுக்கே சாவகாசமாகக் கிடக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு முதலாளி ஆர்எஃப்ஐடி வாங்கினார். தாள் மாதிரி மெல்லிய டேக் ஒன்றைச் சேலைக்குள் வைத்துவிட வேண்டியது. கையடக்க மெஷினை அடுக்கின்மேல் காட்டினால் போதும், டேக் ரேடியோ அலையில் பதில் சொல்லும். பிரித்துப் பார்க்காமலே உள்ளே இருக்கும் சேலைகள் திரையில் வந்துவிடும். ஸ்டாக் பொறுப்பு என்னுடையது. அந்த மெஷினை யாரையும் தொட விடமாட்டேன், அவ்வளவு பிரியம்.

அதற்கு ஒரே ஒரு குணக்கேடு. சரிகை பக்கத்தில் இருந்தால் டேக்குக்குக் காது கேட்காது. உலோகம் அலையை மறித்துவிடும். அதனால் சரிகை இல்லாத இடமாகப் பார்த்து மடிப்புக்குள் ஆழமாகச் செருகுவோம், பில் போடும்போது உருவிவிடுவார்கள். கல்யாண சீசன் நெரிசலில் ஒரு முகூர்த்தப் பட்டில் மட்டும் விட்டுப்போயிற்று.

சில நாள் கழித்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அந்தப் பட்டை எடுத்துப்போன மாப்பிள்ளையின் அம்மா பசுமலைக்காரர். பெண்ணின் அம்மாவுக்குக் கீழக்குயில்குடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெண்ணின் அம்மா அந்த முகூர்த்தப் பட்டை மேஜையில் போட்டு, பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே எங்கள் டேக். செம்பு நிறத்தில் கட்டத்துக்குள் கட்டமாகச் சுற்றிய கோடுகள். தினமும் பார்க்கிற எனக்கு அன்றுதான் உறைத்தது, அது அசல் மந்திரத் தகடு மாதிரியே இருந்தது.

"ரவிக்கைத் துணி வெட்டப் பிரிச்சோம், உள்ள இருந்துச்சு. எம் மக வாழக் கூடாதுன்னு இந்தம்மா வச்சுக் குடுத்திருக்காக. பத்திரிகை அடிச்சாச்சு, போனாப் போகுது. எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்."

"கடையில கட்டிக் குடுத்ததைப் பிரிக்காம அப்படியே குடுத்தேன்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

முதலாளி ரேடியோ அலையைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். கண்ணுக்குத் தெரியாது, தூரத்திலிருந்தே வேலை செய்யும் என்றார்.

"அதத்தான நானும் சொல்றேன்," என்றார் பெண்ணின் அம்மா.

முதலாளி சௌராஷ்டிரத்துக்குத் தாவிவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு வீட்டு மொழிதான். யாரைத் திட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது விளக்கிச் சொல்லி ஆகிற காரியமில்லை என்று பட்டது. பெண்ணின் அம்மாவை அலமாரிக்கு முன்னால் கூட்டிப்போனேன். "நீங்களே ஒரு சேலைய எடுங்கம்மா. எதை வேணாலும் எடுங்க."

என்னை நம்பாமல் அடியிலிருந்து ஒன்றை உருவினார். மடிப்புக்குள் கைவிட்டதும் டேக் வந்தது. வேறொரு அடுக்கில் எடுத்தார், அதிலும் வந்தது. மூன்றாவதாக ஒரு சுங்குடிச் சேலை. அதிலும்.

"அம்புட்டுச் சேலையிலயுமா வச்சிருக்கீக தாயி?"

"அம்புட்டுலயும்தாம்மா. குடோன்ல இருக்கதுலயும் இருக்கு."

அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஊருல இருக்க அம்புட்டுப் பொம்பளைக்குமா ஒருத்தி செய்வினை வைப்பா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கமும் வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முகூர்த்தப் பட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். எங்கள் கடைப் படி கொஞ்சம் செங்குத்து. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்தபடி மேல்படியிலேயே நின்றிருந்தார். வந்ததிலிருந்து அவரை 'இந்தம்மா' என்றே சொன்னவர், பாதிப் படியில் திரும்பிக் கையை நீட்டினார்.

"பாத்து எறங்குங்க, மதினி."