நிவாரணத்துக்கு நிற்காதே என்று எழுதினேன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் ஒழுங்காகப் போகவில்லை. சண்டையால் பாதை பூட்டு. நான் லண்டனில், குட்மேய்ஸில் மகன் வீட்டில் இருந்தேன். என் தங்கச்சி மூன்று பிள்ளைகளோடு ஊரில் இருந்தாள். புருசன் செத்து இரண்டு வருசம். கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணமாக அரிசியும் மாவும் கொடுக்கிறார்கள், வரிசையில் போய் நிற்கட்டோ என்று கேட்டு எழுதியிருந்தாள்.

அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டாள். எங்கள் ஐயா கோயில் மடத்தில் ஊருக்கே சோறு போட்டவர். அவருடைய மகள் பையோடு வரிசையில் நிற்பதா? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதனால் மகனைக் கொண்டு எழுதுவித்தேன்: நிற்காதே, நான் காசு அனுப்புகிறேன். அனுப்பவும் செய்தேன். காசு போனால் சாப்பாடு போன மாதிரி என்றுதான் நினைத்தேன். இங்கே கடைக்குப் போனால் எல்லாம் கிடக்கிறதே.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை லூயிஷாம் கோயிலில் பூசை முடிந்து, சாப்பாட்டுக்குத் தட்டோடு நின்றேன். ஊரில் எங்கள் வீட்டு ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி, லண்டனுக்குப் புதிதாக வந்தவள், பின்னால் நின்றாள்.

“என்ன மாமி, நீங்களும் வரிசையில நிக்கிறியள்?”

“கோயில் சோறுதானே பிள்ளை.”

“அங்கை தங்கச்சியை நிக்க வேண்டாமெண்டு எழுதினியளாம். கடையில அரிசி இருந்தாத்தானே காசுக்கு வாங்கலாம்? மரவள்ளியை அவிச்சுப் பிள்ளையளுக்குக் குடுத்திட்டு, அவ வெறுந்தேத்தண்ணியோட படுக்கிறா. சின்னவன் பள்ளிக்கூடத்தில மயங்கி விழுந்தவன். உங்களுக்குத் தெரியாதோ?”

“அவள் எனக்கு எழுதேல்லை.”

“எப்பிடி எழுதுவா? உங்களெண்டா அவவுக்குப் பயம்.”

தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதை மகனிடம் சொல்லி எழுதுவிக்க வாய் வரவில்லை. குசினி மேசையில் இருந்து நானே எழுதினேன். நாலு வரிக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. போய் நில். நாளைக்கே நில். நான் சொன்னது பிழை. கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மகன் வாசித்தான்.

“அக்கா, கடிதம் கிடைத்த அன்றே போய் நின்றேன். மாவும் பருப்பும் தந்தார்கள். பிள்ளைகள் ரொட்டி சாப்பிட்டார்கள். சின்னவனுக்குச் சாப்பாடில்லாமல் வந்த கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. முதலே நிற்கச் சொல்லியிருக்கலாம், அக்கா.”

மகன் பேனையை எடுத்தான். “என்னம்மா எழுத?”

“பருப்பு இப்பவும் குடுக்கினமோ எண்டு கேள்” என்றேன்.