'பார்டர்லதான் இருக்கு' என்று நான் சொன்னது

மூன்று வருஷத்துக்கு முன்பு, நாம் படப்பையில் வாடகை வீட்டில் இருந்தபோது நடந்தது இது. சமையலறைக் கதவு ஆணியிலோ அதன் பக்கத்து ஸ்டூலிலோ ஏன் எப்போதும் ஒரு பழைய மஞ்சள் துப்பட்டா இருக்கிறது என்று நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். இப்போது சொன்னால் புரியும் என்பதால் எழுதுகிறேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் படித்தாலும் நல்லதுதான். எழுதலாமா என்று உங்கள் அத்தையிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதுண்ணா" என்றாள்.

அத்தை அப்போது வேலையை விட்டுவிட்டு நம்மோடு இருந்தாள். உங்கள் மேல் உயிரையே வைத்திருப்பாள். காலையில் என்னைப் போல அண்ணன் உலகத்திலேயே இல்லை என்பாள். சாயங்காலம் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், "உனக்கு என்னைப் புடிக்கல, தொரத்தப் பாக்குற" என்று அழுவாள். ஒருமுறை என் டிபன் பாக்ஸ் மூடியைச் சன்னல் வழியாக எறிந்தாள், அது கால்வாயில் போய்விட்டது. என் டிபன் பாக்ஸுக்கு இன்றைக்கும் ஒரு தட்டுதான் மூடி. பிறகு அவளே அதை நினைத்து ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

மனநல மருத்துவரிடம் காட்டினோம். 'பார்டர்லைன் பர்சனாலிட்டி' என்று ஒரு பெயர் சொன்னார். வாரம் ஒருமுறை கவுன்சலிங் வரச் சொன்னார். எனக்கு ஐ.டி.ஐ. வரைக்கும்தான் படிப்பு. பார்டர் என்றால் எனக்குத் தெரிந்தது ரெண்டே ரெண்டு. ஒன்று, பார்டரில் பாஸ். இன்னொன்று, உங்கள் தாத்தாவுக்கு இருந்த மாதிரி சுகர் பார்டர். அதாவது வியாதி இன்னும் முழுசாக வரவில்லை, கொஞ்சம் வாயைக் கட்டினால் போதும். அப்பாடா என்று இருந்தது.

மணிமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது, தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். "ஒண்ணும் இல்ல மாமா, பார்டர்லதான் இருக்கு. கொஞ்சம் அடக்கிக்கினா சரியாப் பூடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பின்னால் அத்தை நின்றிருந்தாள்.

அடுத்த வாரம் கவுன்சலிங் போகக் கூப்பிட்டேன். "பார்டர்லதானே கீது, அதுக்கு எதுக்கு டாக்டரு? சும்மா நடிக்கிறேன்னு நெனச்சிக்கினு கீற, அப்படித்தானே?" என்றாள். எனக்கும் லீவு மிச்சம் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் போகவில்லை. நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அதுதான்.

அப்புறம் அந்த நாள் வந்தது. ஒரகடம் வண்டிக் கம்பெனியில் எனக்கு முதல் ஷிப்ட், மூன்று மணிக்கு வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். ரெண்டரை மணிக்கு என்னை மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. வண்டி பூட்டும் லைனை விட்டு நகர முடியாது, ஓ.டி. என்று கூடுதல் நேரம் வேலை பார்த்தேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது லாக்கரில் கிடந்தது. ஆறரைக்கு வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் நாற்பது அழைப்புக்கு மேல். முதல் செய்தியில் 'எப்ப வர்ற'. நடுவில் 'நீ எனக்கு அண்ணனே இல்ல'. கடைசியில், 'ஸாரிண்ணா. பசங்களைப் பாத்துக்கோ'.

ஒரகடத்திலிருந்து வீடு வரைக்கும் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் ட்யூஷனில் இருந்தீர்கள். அத்தை அறையை உள்ளே தாழ் போட்டிருந்தாள். உங்கள் அம்மா கதவோடு கதவாக உட்கார்ந்து, உள்ளே இருப்பவளிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "இப்ப இன்னா ஆயிடுச்சின்னு இந்த ஆர்ப்பாட்டம்? ஓ.டி. பாத்தது ஒரு குத்தமா?" என்று கத்தினேன்.

உங்கள் அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. "உங்க லைன்ல மஞ்ச லைட்டு எரிஞ்சா இப்படித்தான் பேசுவீங்களா?" என்றாள்.

அந்த மஞ்சள் லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். வேலையில் ஏதாவது சிக்கல் என்றால் அதை இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும். லீடர் ஓட வேண்டும். நான்தான் லீடர். போனதும் 'ஏன் இழுத்தே' என்று கேட்கக் கூடாது, பக்கத்தில் நின்று கை கொடுக்க வேண்டும். திட்டினால் அடுத்த தடவை அவன் இழுக்க மாட்டான், தப்பு வண்டியோடு வெளியே போய்விடும். இதைச் சோறு தின்னும்போதெல்லாம் உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னவன் நான்.

நானும் கதவோரம் உட்கார்ந்தேன். "மூணு மணிக்கு வரேன்னு சொன்னேன். வரல. நீ ரொம்ப பயந்துட்டிருப்ப. இங்கதாம்மா கீறேன், எங்கயும் போவல" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்துத் தாழ் விலகியது. முழங்கையில் அவளே ஏற்படுத்திக்கொண்ட காயம். அப்போதே மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மறுபடி கவுன்சலிங் போனபோது நானும் உள்ளே உட்கார்ந்தேன். நான் பார்டரைப் புரிந்துகொண்ட லட்சணத்தைச் சொன்னதும் கவுன்சலிங் கொடுக்கிற அம்மா சிரிக்கவில்லை. "பேருதாங்க பார்டர். அவங்களுக்கு வலி முழுசு" என்றார். குணமாகுமா என்று கேட்டேன். ஆகும், மெதுவாக ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். கோபத்தில் பொருளை எறிந்தால் அது கூடாது என்று சொல்லலாம், ஆனால் ஆளை விட்டுவிடுவேன் என்று மட்டும் மிரட்டக் கூடாது என்றார். வருகிற நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போகவும் சொன்னார். இப்போதெல்லாம் ஓ.டி. என்றால் செக்யூரிட்டி கேட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு போன் போடுகிறேன்.

துப்பட்டா அத்தையின் யோசனைதான். மனசு கொதிக்கும்போது அதை ஆணியில் மாட்டுவாள். நாங்கள் யாராவது போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. முதல் மாதம் ஒரே நாளில் நாலு தடவைகூட மாட்டினாள். சில நாள் மாட்டாமலே தட்டு பறந்தது. இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். துப்பட்டா பெரும்பாலும் ஆணிக்குப் பக்கத்து ஸ்டூலில் மடித்துத்தான் கிடக்கிறது.

போன மாதம் ஒருநாள் என் கவனக்குறைவால் லைன் நின்று, எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்தேன். என்ன தோன்றியதோ, அந்தத் துப்பட்டாவை எடுத்து நானே ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அத்தை முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். ஒரு கேள்வியும் இல்லை. பாதிக் கீரை ஆனபிறகு, தலை நிமிராமல் கேட்டாள்.

"இன்னாண்ணா, பார்டர்லதான் கீதா, இல்ல ஃபுல்லா கீதா?"

"ஃபுல்லா கீதும்மா" என்றேன். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று நான் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை அவளைக் கதவுக்குள் தள்ளியதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் பிள்ளைகளா, யாராவது வலிக்கிறது என்று சொன்னால், அது எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் முதலில் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.