தண்ணி குறையாத பானை

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சங்கிலிமுத்துவுக்குத் தண்ணி சுமக்கிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் சேர்ந்தவர். ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு பானை இருக்கும். வெறுங்காலோடு வருகிறவர்கள் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். காலில் ஒட்டின மணல் ஒன்று வெடிமருந்தில் உரசினால் போதும், அறையே போய்விடும்.

பானையை நிரப்புகிறவர் கண்ணில்தான் அது பட்டது. புது ஆட்கள் அறையில் மத்தியானத்துக்குள் பானை காலி. பத்து வருசம் மருந்தில் கிடந்த பழைய ஆட்கள் அறையிலோ, சாயங்காலம்வரை தண்ணி தளும்பி நிற்கும். முன்பு ஓர் அறை வெடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான். பார்த்தவர்களுக்கு ஏன் பயமில்லை? அவர் பெண்டாட்டி மாடத்தியும் அந்தப் பழைய ஆட்கள் அறையில்தான் இருந்தாள்.

ஃபோர்மேன் பெத்தணனிடம் போய் நின்றார். "அண்ணாச்சி, புதுப்பிள்ளை ஒண்ண அந்தப் பழைய ஆளுக கூட உக்கார வையுங்க. இவ கழுவுறதப் பாத்து அவுகளும் கழுவுறாகளான்னு பாப்போம்."

"ஏலே, தண்ணி தூக்குறவனுக்கு ஆராய்ச்சி கேக்குதோ?" என்று பெத்தணன் சிரித்தார். ஆனாலும் அங்கே ஓர் ஆள் குறைந்ததால் புது ஆட்களில் ஒருத்தியான இருளம்மாளை அனுப்பினார்.

நாலே நாள். ஐந்தாம் நாள் இருளம்மாளும் கழுவாமல் பானையைத் தாண்டிப் போனாள். அப்போ, பக்கத்து ஆள் காலைப் பார்த்துத்தான் நம்ம காலும் நடக்குது என்று தோன்றியது அவருக்கு.

அந்தப் பக்கத்து ஆள் மாடத்தியாக இருந்தால்? அவளைக் கழுவச் சொன்னார். கழுவினாள்.

"என்ன மதினி, இன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்தீகளோ?" அறையே கெக்கலித்தது.

மூன்றாம் நாள் மாடத்தி, "உங்க கூத்துக்கு நான் ஆளில்ல" என்று விட்டுவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவரே அந்த வாசலில் நின்று, உள்ளே போகிறவர்கள் காலிலெல்லாம் செம்பால் தண்ணி ஊற்றினார். "சேலை நனையுதுய்யா!" என்று ஏசினார்கள். மாடத்தி முறைத்துக்கொண்டே காலை நீட்டினாள். காய்ந்த கால் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம்தான் குடத்தோடு புது ஆட்கள் அறைப் பக்கம் போக முடிந்தது. பானை வறண்டு கிடந்தது. போன மாசம் சேர்ந்த முத்துப்பேச்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியில் கால் வைத்தாள்.

"ஏத்தா, நில்லு! கால் கழுவலையா?"

"நாலு நாளா மத்தியானம் பானையில தண்ணி இல்லையே மாமா," என்றாள் அவள். "ஒண்ணும் ஆகலையே!"

குடத்தைச் சாய்த்து அவள் காலில் ஊற்றினார். அதே நேரம் எதிர்த்தாப்பில், மாடத்தியும் மற்றவர்களும் சாப்பிட்டுவிட்டுப் பேசிச் சிரித்தபடி தங்கள் அறைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வாசலில் செம்போடு யாரும் இல்லை.