ஸ்பேமில் கிடந்த மூன்று மெயில்கள்

கடத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், வேலை விண்ணப்பம் என்று பிறருக்காக எழுதிக்கொடுப்பதுதான் தொழில். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ரத்ததானக் குழு ஒன்றும் நடத்துகிறேன். கொடையாளர் பட்டியல் என் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் சித்தேரி மலையிலிருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பொருத்திப் பார்த்தபோது எதுவுமே சேரவில்லை. 'பாம்பே வகை' என்று தர்மபுரி ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். மிக அபூர்வமான வகை. அதே வகைக்காரர் கொடுத்தால்தான் ஏற்றலாம். டாக்டரும் தம் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். ரத்தம் கைக்கு வராமல் ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

பட்டியலில் தேடினேன். ஒரே ஒரு பெயருக்கு எதிரே அந்த வகை சிவப்பில் குறிக்கப்பட்டிருந்தது. பல வருடங்களுக்கு முன் கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்த ஒரு மாணவி. அவருடைய எண்ணுக்கு அடித்தேன். யாரோ ஒரு ஆள் எடுத்துக் கன்னடத்தில் கோபமாகப் பேசினார். எண் கைமாறிப்போயிருந்தது. மிச்சம் இருந்தது மெயில் முகவரி மட்டும்.

அன்றே குழுவின் முகவரியிலிருந்து மெயில் போட்டேன். தலைப்பு வரியில் ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், 'அர்ஜென்ட்' என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி. மருத்துவச் சீட்டின் படம், குழுவின் இணைய இணைப்பு எல்லாம் சேர்த்தேன். பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து 'உயிர் காக்க உடனே திறக்கவும்' என்று இன்னொன்று. அதற்கும் இல்லை. மூன்றாவதில் ஆச்சரியக்குறிகள் ஐந்தாகின. அந்தப் பெண்ணுக்கு மனசே இல்லையோ என்று சலித்துக்கொண்டேன்.

பிறகு ஏதோ தோன்றி, அதே மெயிலை என்னுடைய இன்னொரு முகவரிக்கே அனுப்பிப் பார்த்தேன். வரவில்லை. ஸ்பேமைத் திறந்தேன். லாட்டரிப் பரிசுக்கும் ஐந்து நிமிடக் கடனுக்கும் நடுவில் என் மெயில் கிடந்தது. பரிசு, கடன், என்னுடையது, மூன்றின் தலைப்பும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஏமாற்றுக்காரர்கள் எப்படிக் கத்தினார்களோ அப்படித்தான் நானும் கத்தியிருக்கிறேன். பத்து வருடமாகப் பிறருக்கு எழுதிக்கொடுப்பவன் நான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

மறுநாள் அந்தம்மாவும் கணவரும் திரும்ப வந்தபோது கேட்டேன். "அந்தப் பொண்ணு இங்க நேர்ல வந்து நின்னா, மொதல்ல என்ன சொல்லுவீங்க?"

அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நானென்னத்தங்க சொல்றது. காலேஜுல ரத்தங் குடுத்தியாமே கண்ணு, அதே ரத்தந்தான் எனக்கும் ஓடுதுன்னு சொல்லுவேன்."

நான் விசைப்பலகையை இழுத்தேன். படத்தை எடுத்தேன், இணைப்பை எடுத்தேன். குழுவின் முகவரியை விட்டுவிட்டு என் சொந்த முகவரியிலிருந்து, என் பெயரைப் போட்டு எழுதினேன். தலைப்பு வரி: 'கல்லூரி முகாமில் நீங்கள் கொடுத்த ரத்தம், சித்தேரி அக்காவுக்கும் அதே வகை.' உள்ளே நாலே வரி. முதலில் எனக்கே அனுப்பிப் பார்த்தேன். நேராக இன்பாக்ஸில் வந்து நின்றது. அதன் பிறகுதான் அவருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை, ஒருவருக்கு வருமானச் சான்றிதழ் பதிவுசெய்துகொண்டிருந்தபோது பதில் வந்தது. 'சென்னையில் இருக்கிறேன். எந்தத் தேதிக்கு வர வேண்டும்?' அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் படித்தேன். சான்றிதழுக்கு வந்தவர், "என்னாங்க, சர்வர் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். எத்தனையோ கோடி மெயில்கள் பறக்கிற உலகத்தில், கடத்தூரில் தட்டிய ஒரு வரி போய்ச் சேர வேண்டிய ஒரே ஆளைக் கண்டுபிடித்திருந்தது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு மொரப்பூர் ஸ்டேஷனில் அவர் இறங்கினார். தோளில் லேப்டாப் பை. முதல் பேச்சே மெயிலைப் பற்றித்தான். "உங்க மெயிலப் படிச்சதும் ஸ்பேம்ல போய்ப் பாத்தேங்க. பழைய மூணும் அங்கதான் கெடக்குது. அதையெல்லாம் தொறந்தே இருக்கமாட்டேன்."

தர்மபுரியில் ரத்தம் கொடுத்துவிட்டு, அவரே வார்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். கட்டிலோரம் உட்கார்ந்ததும் அந்தம்மா அவர் கையைப் பிடித்துத் திருப்பி, பிளாஸ்திரி ஒட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுதா கண்ணு?"

"இல்லக்கா." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இந்த வகைன்னு சொன்ன நாள்லருந்து ஒரு பயங்க்கா. ரோட்டுல அடிபட்டா எனக்கு யார் இருக்காங்கன்னு. எங்க வூட்லயே ஒருத்தருக்கும் சேராது. இன்னிக்குத்தான் இதே ரத்தம் உள்ள ஒருத்தர மொதல் மொதல்ல பாக்கறேன்."

"எனக்கு ஒடம்பு நல்லாயிரட்டும்," என்றார் அந்தம்மா. "உனக்கு ஒண்ணுன்னா ஒரு வார்த்த சொல்லியனுப்பு. நான் மலையெறங்கி வந்தர்றேன்."

ஒருவர் கணினி வேலை செய்கிற பெண். இன்னொருவர் சாமை விதைக்கிறவர். பார்த்தால் ஒருவருக்கொருவர் எந்தச் சாயலும் கிடையாது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று, இரண்டு பேரின் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செய்தியைச் சென்னைக்கு நான்தான் எழுதினேன். தலைப்பு வரிக்கு யோசிக்கவே இல்லை. 'அக்கா கண் விழித்துவிட்டார்' என்று போட்டு அனுப்பினேன்.