முப்பதா, முப்பத்தெட்டா

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் என் அண்ணன் இரும்புப் பட்டறை வைத்திருந்தான். முதல் பெரிய வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு புது வீட்டுக்குச் சுழல் படிக்கட்டு. வெள்ளிக்கிழமை பால்காய்ச்சு. அதற்குள் கைப்பிடி நிற்காவிட்டால் கேட், கிரில் எல்லாம் வேறு ஆளுக்கு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

தங்கை நான் எம்.எஸ்ஸி. கணக்கு முடித்து வீட்டில் இருந்தேன். கைப்பிடிக் குழாயை எந்த அளவுக்கு வளைப்பது என்று அண்ணன் கேட்டான். நடுத்தூணிலிருந்து கைப்பிடியைத் தாங்கும் கால்கள் முப்பது அங்குலம் தள்ளி நின்றன. ஆரம் முப்பது என்றேன். கால்களை ஒட்டி ஒரு கம்பியை வளைத்துப் பார்க்கலாம் என்றான். கணக்கு இருக்கும்போது கம்பி எதற்கு என்றேன்.

புதன்கிழமை காலை வளைத்த குழாய் அந்த வீட்டுத் தரையில் சரியான வட்டமாகக் கிடந்தது. ஒரு முனையைக் கீழே வெல்டிங் வைத்து, மறுமுனையை நாலு பேர் மாடி உயரத்துக்கு இழுத்தார்கள். இழுக்க இழுக்க வட்டம் சுருங்கியது. குழாய் கால்களைத் தொடாமல் ஆறு அங்குலம் உள்ளே நின்றது.

வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "என்ன தம்பி, படியேறுறவன் ஒருக்களிச்சுத்தான் போவணுமோ?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "ஏட்டி, பட்டறையில இன்னும் ஒத்தப் பைப்புதான் இருக்கு," என்றான் என்னிடம்.

சிமெண்ட் பைக் காகிதத்தில் மறுபடி போட்டேன். தரையில் கிடக்கும் வட்டத்துக்கு வளைவு மட்டும்தான். ஏறும் கோட்டுக்கு முறுக்கும் உண்டு. ஏற்றம் கூடக் கூட வளைவு குறையும்; அதனால் தரையில் இன்னும் பெரிய வட்டமாக வளைக்க வேண்டும். தேர்வில் இதையே பிழையின்றி எழுதியிருந்தேன். ஒரு சுற்றுக்கு எட்டடி ஏற்றம். விடை முப்பத்தெட்டு.

"நேத்து முப்பது, இன்னைக்கு முப்பத்தெட்டா? நாளைக்கு எம்புட்டு?"

"ஏத்தத்த விட்டுட்டேன்ணே."

அவன் ஒரு மெல்லிய கம்பியைக் காலுக்குக் கால் கட்டி வளைத்தான். நடுவில் ஒரு முழம் வெட்டினான். சாக்பீஸால் தரையில் இரண்டு வில் வரைந்தான்: ஒன்று முப்பது, ஒன்று முப்பத்தெட்டு. துண்டை முப்பதின் மேல் வைத்தான். இரு நுனியும் வெளியே போயின. முப்பத்தெட்டின் மேல் வைத்தான். சாக்பீஸ் கோடு மறைந்தது.

வியாழக்கிழமை மதியம் இரண்டாவது குழாய் மேலே ஏறியது. ஒவ்வொரு காலாகத் தொட்டது. கடைசிக் காலுக்கு மட்டும் சுத்தியலால் ஒரு தட்டு.

வீட்டுக்காரர் கைப்பிடியைத் தடவியபடி கீழே இறங்கினார். "கேட்டுக்கு எப்ப அளவெடுக்க வாரிய?"

"திங்கக்கெழம," என்றான் அண்ணன். "நானும் தங்கச்சியும் வாரோம். கம்பியும் கொண்டு வாரோம்."