பதினேழாம் குரோமோசோம் மேல் நான் கொடுத்த பிராது

என் இடது மார்பில் கட்டி வந்தது 2006-ஆம் வருஷம் ஆடி மாதம். குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. கொட்டைப்பாக்கு அளவு இருக்கும், வலி இல்லை. நான் டாக்டரிடம் போகவில்லை. அது யார் செய்த வேலை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

நான் கலா. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருக்கிறேன். என் வாய்க்குப் பயந்து யாரும் என்னிடம் பேரம் பேச மாட்டார்கள். முத்தியால்பேட்டையில் வீடு. மாடியில் நாங்கள், கீழே என் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் பெண்சாதி செல்விக்கும் எனக்கும் குழாயடிச் சண்டையில் மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. கட்டியைக் கண்ட அதே வாரம் எங்கள் மாடிப்படியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது. எனக்கு அது போதும்.

விழுப்புரம் பக்கம் எங்கள் குலசாமி முனியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே பிராது கட்டுவது வழக்கம். நமக்கு அநியாயம் செய்தவரின் பேர், தகப்பன் பேர், இருப்பிடம், செய்த குற்றம் எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தால், பூசாரி சாமி முன்னால் வாசித்துச் சூலத்தில் கட்டுவார். முனியப்பர் விசாரித்துத் தண்டிப்பார். நான் செல்வி பேரை எழுதினேன். அவள் புழுத்துச் சாக வேண்டும் என்று எழுதினேன். இதைச் சொல்ல இன்றைக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சாமி காரியத்தில் மறைக்கக் கூடாது.

தீபாவளி வரை காத்திருந்தேன். செல்வி நன்றாகத்தான் இருந்தாள். என் கட்டிதான் வளர்ந்தது. கடைசியில் வீட்டுக்காரர் என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். புற்றுநோய் என்றார்கள். மார்பை எடுத்தார்கள். அக்குள் வரை பரவியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். பிழைக்க மாட்டேன் என்றே நினைத்தேன். அழுகையை விட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. யாரையாவது அடித்து நொறுக்க வேண்டும் போல இருந்தது.

தை மாதம் டாக்டரம்மா கூப்பிட்டார். பொறுமையான மனுஷி.

“உங்க கட்டிய டெஸ்ட் பண்ணதுல ஆமான்னும் வரல, இல்லன்னும் வரல. ஸ்லைட வெளியூருக்கு அனுப்பி ஜீனையே எண்ணிப் பாக்கப் போறோம்” என்றார்.

“எந்த ஜீனும்மா?”

“எல்லார் ஒடம்புலயும் இருக்கறதுதான். ஒரு செல்லுக்கு ரெண்டு இருக்கணும். சில புத்துநோய்ல அது கன்னாபின்னான்னு பெருகிடும். அதனாலதான் கட்டி வேகமா வளரும். இப்ப ஒரு மருந்து வந்திருக்கு. அந்த ஜீன் செல்லு மேல ஒரு புரதத்த மொளைக்க வைக்குது பாருங்க, அதத்தான் தேடிப் புடிக்கும். நம்ம ஒடம்போட காவக்கார செல்லுங்களையும் கூட்டியாந்து அடிக்க வைக்கும். இங்க ஆராய்ச்சி நடக்குது, உங்களச் சேத்துக்கலாம். ஆனா அந்த ஜீன் பெருகியிருந்தாதான்.”

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. எதிரி யார் என்று முதல்முறையாக ஒருவர் சொல்கிறார்.

“அதுக்குப் பேரு இன்னாம்மா?”

“ஹெர் டூ.”

“எங்க இருக்குது?”

“பதினேழாம் குரோமோசோம்ல.”

“ரெண்டையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க.”

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். படித்த சொந்தக்காரர் யாரிடமோ காட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் மறுநாளே முனியப்பர் கோயிலுக்குப் பஸ் ஏறினேன்.

பூசாரி பிராதை வாங்கவில்லை. “ஏற்கெனவே ஒரு பேரு கட்டிக் கெடக்குது. ஒரு குத்தத்துக்கு ரெண்டு எதிரியா? மொதல்ல அத வாபஸ் வாங்கும்மா” என்றார்.

வாபஸ் வாங்குவது என்றால், அந்த ஆள் குற்றம் செய்யவில்லை என்று சாமி முன்னால் மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செல்வி மேல் குற்றமில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. ஆபரேஷன்கூட அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். மனம் மாறிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். உண்மையான எதிரியைக் கட்ட இடம் வேண்டுமே என்றுதான் சொன்னேன்.

புதுத் தாளை எடுத்த பூசாரி, “தகப்பன் பேரு?” என்றார்.

“அப்பன் பேரு தெரியாதது. அப்படியே எழுது.”

பதினேழாம் குரோமோசோமில் குடியிருக்கும் ஹெர் டூ என் மாரைத் தின்றுவிட்டது, ஒன்று விடாமல் அதைக் கருவறுக்க வேண்டும் என்று எழுதிக் கட்டினோம்.

ரிசல்ட் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் வேண்டியது போல யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள். நோய் இருக்கக் கூடாது என்றுதான் எல்லாரும் வேண்டுவார்கள். நானோ அந்தப் பாவி எனக்குள்ளேயே இருக்க வேண்டும், கூட்டம் கூட்டமாக இருக்க வேண்டும், ஓடிவிடக் கூடாது என்று வேண்டினேன். இல்லாவிட்டால் எனக்கு அந்த மருந்து இல்லை.

டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஜீன் ஏகத்துக்கும் பெருகியிருக்கும்மா. இது மொரட்டு வகை.”

“நானும் மொரட்டு வகைதாம்மா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது. முனியப்பர் அதைப் பிடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வருஷம் மருந்து ஏற்றினார்கள். முதல் முறை குளிரில் பல் கிட்டியது. ஆனாலும் ஒவ்வொரு சொட்டு இறங்கும்போதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ‘போ, தேடு, புடி, விடாத’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே படுத்திருப்பேன். முனியப்பர் அரிவாளோடு என் ரத்தத்துக்குள் நடப்பதாகவே நினைத்துக்கொள்வேன்.

ஒரு முறை வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விட்டார். வேறு ஆள் இல்லாமல் செல்வி துணைக்கு வந்தாள். கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மனசில் வைத்திருக்க முடியாமல், “ஒம் பேர எழுதி முனியப்பர்கிட்ட கட்டுனேன்டி. அப்புறம் வாபஸ் வாங்கிட்டேன்” என்றேன்.

அவள் கஞ்சியைக் கீழே வைத்தாள். “நானும் ஒம் பேர எழுதிக் கட்டுனேன்க்கா. அந்தப் பழமும் நான் போட்டதுதான். ஒனக்குக் கட்டின்னு கேட்டதும் பதறிப்போய் ஓடி வாபஸ் வாங்கிட்டேன். என்னாலதான் வந்துச்சோன்னு அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல.”

கையில் ஊசி மட்டும் இல்லையென்றால் அவளை அறைந்திருப்பேன். “ஒன்னால வர்ல, போ. அதுக்குப் பேரே வேற” என்றேன். அவள் அழுதாள். நான் கஞ்சியைக் குடித்தேன்.

இப்போது 2009. கட்டி திரும்ப வரவில்லை. கடையில் பழையபடி உட்காருகிறேன், கண்ணாடி மேல் இருந்த துணியை எடுத்துவிட்டேன். உடம்பில் எது தட்டுப்பட்டாலும், அண்டை வீட்டைப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். எதிரியின் சரியான பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் முனியப்பர் காலில் விழுங்கள். ஆள் தப்பாக எழுதி நான் மூன்று மாதம் தொலைத்தேன், அதையும் பொறுத்துத்தான் அவர் என்னைக் காத்தார்.

காரியம் முடிந்தால் பிராதை வாபஸ் வாங்குவதுதான் முறை. போன மாதம் பூசாரி கேட்டார். “அதான் நல்லாயிட்டியே, வாங்கிக்கயேன்” என்றார். டாக்டரம்மா என்னை இன்னும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறார். அது அடங்கியிருக்கிறது என்றுதான் சொன்னாரே தவிர, செத்துவிட்டது என்று சொல்லவில்லை. செல்வி மேல் கட்டியதை வாபஸ் வாங்கியாயிற்று, இதை வாங்க மாட்டேன்.

“என் கட்டை வேவற அன்னைக்கு அதுவும் சேந்து வேவும். அது வரைக்கும் கெடக்கட்டும், அவுக்காத” என்று சொல்லி, சூலத்தில் இருந்த கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு வந்தேன்.