அக்காவுக்குப் பட்டு கட்டியவர்

எங்கள் ஊர்ச் சுவர்களில் செத்தவர்கள் எவருக்கும் முகத்தில் சுருக்கம் கிடையாது.

போடி பஸ் நிலையத்துக்கு வெளியே, தோட்டத்து ஜீப்புகள் ஆள் ஏற்றும் இடத்தில், ஒரு நீளச் சுவர் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளின் மேல் இன்னும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். சாரல் அடித்தால் மேலே இருப்பவர் ஊறி உரிந்து, அடியில் இருப்பவரின் காதோ நெற்றியோ எட்டிப் பார்க்கும். தள்ளாத வயதில் போனவருக்கும் கன்னம் வழுவழுவென்று இருக்கும், தலைமயிர் கருகருவென்று இருக்கும். கழுத்துக்குக் கீழே முக்கால்வாசிப் பேருக்கு ஒரே வெள்ளைச் சட்டை. மகன், மருமகன், பேரன், பங்காளி என்று பெயர்கள் அடிவரைக்கும் இறங்கும். அந்த முகத்தைச் செய்தவர் பெயர் மட்டும் எங்கும் இருக்காது. நான் அந்தச் சுவரைக் கடந்து போய்க்கொண்டே இருந்தவன். போவதும் வருவதுமாகவே பாதி ஆயுள் தீர்ந்துவிட்டது. ஓரிடத்தில் இருக்க முடியாத உடம்பு எனக்கு. நின்று பார்க்கச் சொன்னாலும் அலுப்பு.

அக்கா இறந்த அன்றுதான் அந்த முகங்களைச் செய்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில், இருந்தாள். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, ஒரே மகளை என் வீட்டில் விட்டுவிட்டு மேலேயே தங்கிக் காய் எடுத்தாள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் இறங்கி வருவாள். வந்ததும் சுருண்டு படுத்துத் தூங்குவாள். மகள் கால்மாட்டில் உட்கார்ந்து, எப்போது விழிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். விழித்தால் ஜீப்புக்கு நேரமாகியிருக்கும். அப்படியே அந்தப் பிள்ளை வளர்ந்து, இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்.

மழை விடாத ஒரு காலையில், செடியடியில் குனிந்த அக்கா நிமிரவில்லை என்று போன் வந்தது. மதியத்துக்குள் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். எடுப்பது மறுநாள் என்று முடிவானது. தெருமுனையில் ஒட்டப் படம் வேண்டும் என்றார்கள்.

படம் இல்லை. ஆதார் அட்டையில் இருந்ததை முகம் என்று சொல்ல முடியாது, கரி அப்பியதுபோல் ஒன்று. கலியாணப் படத்தைப் பூஞ்சணம் தின்றிருந்தது. அக்கா மகளின் போனில் ஒன்று மட்டும் கிடைத்தது. தோட்டத்தில் யாரோ எடுத்து அனுப்பியது. காய்ச் சாக்குகளுக்கு முன்னால் நாலைந்து பெண்கள். நடுவில் அக்கா, தலைமேல் பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக்கொண்டு, வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பாக, கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிளக்ஸ் கடைக்காரர் என்னைவிட இளையவர். கண்ணுக்குக் கீழே கருவளையம், விரலில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார்.

"யாருண்ணே, இந்தச் சிரிக்கிறவுகளா?"

"ஆமா. எங்க அக்கா."

"சிரிச்சா நல்லா இருக்காதுண்ணே. வாயை மூடிருவமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மகள், "மூடிருங்கண்ணே" என்றாள்.

படத்தைக் கணினியில் ஏற்றி அவர் வேலையைத் தொடங்கினார். முதலில் தலைமேல் இருந்த பிளாஸ்டிக் தாள் போனது. அது மறைத்திருந்த இடத்தில் மயிர் இல்லை, வெற்றிடம்தான். காதோரத்தில் தெரிந்த கொஞ்ச மயிரை எடுத்து, இழை இழையாகப் பரப்பி, நடுவகிடு எடுத்து வாரிவிட்டார். வேலை செய்யும்போது அவர் நாக்கு நுனி உதட்டோரம் வந்து நின்றது. பல்லை மறைத்து உதட்டைச் சேர்த்தார். சிரிப்பு போனதும் கண்கள் மட்டும் எதற்கோ இடுங்கிக்கொண்டு நின்றன. அதையும் மெல்ல விரித்தார். நெற்றிக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி அழித்தார்.

பிறகு உடம்புகள் இருந்த இடத்தைத் திறந்தார். தலையில்லாத பெண்கள், வரிசை வரிசையாக, பட்டுப் புடவையில்.

"எது வேணும் பாருங்க."

அக்கா மகள் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள், அரக்கு நிறப் பட்டு.

"பொட்டு?" என்று கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரர் இருக்காகளா?"

"இல்ல."

"அம்மா பொட்டு வைப்பாக. வைங்கண்ணே" என்றாள் அவள்.

"செயினு?"

"போடுங்க."

"அவளுக்கு ஏது செயினு?" என்றேன் நான்.

அவர் திரும்பாமலே சொன்னார். "இதுக்குச் செய்கூலி சேதாரம் எதுவும் கெடையாதுண்ணே. போட்டுக்கிடட்டும்."

அன்றைக்கு முதன்முதலாக அக்கா மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவர் மௌஸை விட்டுவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். படத்துக்குக் கீழே வைக்க ரெண்டு வரி கேட்டார். நான் எழுதுகிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு ஒரு சொல்லும் எழவில்லை. அவர் வைத்திருந்த வரியே போதும் என்றேன்.

சாயங்காலம் தெருமுனையில் ஒட்டினார்கள். அழகான ஒருத்தி அங்கிருந்து பார்த்தாள். அக்காதான். ஆனால் அக்கா எந்த மதியத்திலும் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் எடுக்கிற நேரம் வந்தும் மேலேயிருந்து வரவேண்டிய ஜீப்பு வரவில்லை. அதில் வரவேண்டியவர்கள் அக்காவோடு லயத்தில் இருந்த பெண்கள். அவர்கள் முகம் பார்க்காமல் எடுத்தால் ஆயுசுக்கும் பழிப்பேச்சு நிற்கும். போன் செய்தால் மலைவளைவில் விட்டுவிட்டுக் கேட்டது. கொட்டுக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். உறவுக்காரர் ஒருவர், "வெரசா ஆகட்டும்ப்பா, மழை வருது" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அதட்டவும் எனக்குத் தெம்பு இல்லை.

கடைசியில் ஓடி வந்தார்கள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

"எம்புட்டு நேரமாத்தா தேடுறது!" என்று மூத்தவள் அக்கா மகளைக் கட்டிக்கொண்டாள். "முக்குல போஸ்டரப் பாத்தோம். யாரோ டீச்சரம்மா செத்துட்டாக போலன்னு தாண்டிப் போயிட்டோம்."

"அடுத்த தெருவுலயும் ஒரு கேதம், தம்பி" என்றாள் இன்னொருத்தி என்னிடம். "உள்ள போயி இவ அழுகவே ஆரம்பிச்சுட்டா. பெட்டிய எட்டிப் பாத்தா ஆம்பள!"

"நீயுந்தேன அழுத?"

"நீ அழுகுறன்னு அழுதேன்."

கூட்டத்தில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். மூத்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

"வாயை மூடி இவள நான் பாத்ததே இல்லையே. அங்கயும் மூடிட்டீக, இங்கயும் மூடிட்டீக" என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுததை எழுத எனக்குத் தெரியாது.

அவள் சொன்னது என்னை விடவில்லை. கருமாதிக்கு வீட்டில் மாட்டும் படம் போடவேண்டும். சட்டம் போட்டு மாட்டினால் அது நிற்கிற காலத்துக்கும் அதுதான் அக்கா. அந்தச் சிரிப்பை மாட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரே நமைச்சல். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி பிளக்ஸ் கடைக்குப் போனேன்.

"பழையபடி ஆக்க முடியுமா?"

"அழிக்கலண்ணே, மேல மேலதான் போட்டுருக்கேன். அடியில அப்படியே இருக்காக" என்றார்.

ஒவ்வொன்றாக எடுத்தார். செயின் போனது. பட்டு போனது. வாரிய தலை போனது. மூடிய உதடு போனது. திரையில் அக்கா, பிளாஸ்டிக் தாளுக்கு அடியிலிருந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"இதுதான் அவ" என்றேன். "மேல இருந்து வந்தவுகளும் இதைத்தான சொன்னாக?"

அக்கா மகள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அவுக இந்த அம்மாவத் தெனமும் பாத்தாக, மாமா. நீங்களும் போறப்ப வாரப்பப் பாத்தீக. எங்கிட்ட வந்தா தூங்குனாக. இந்தச் சிரிப்பு எனக்குச் சிரிச்சது இல்ல." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சோலி இல்லாம, தலை சீவி, சும்மா உக்காந்து என்னையப் பாக்குற அம்மா அதுல மட்டுந்தேன் இருக்காக. அதையே மாட்டுவோம்."

ஒருவர் ஒரு மதியத்தில், நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி உட்கார வைத்திருக்கிறார். அதை நான் பொய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிக்கிற படத்தை எனக்கு அனுப்பு என்று மட்டும் கேட்டேன். அனுப்பினாள்.

கடைக்காரர் பட்டை மறுபடி கட்டிவிட்டார்.

"வீட்டுல மாட்டுறதுக்கு இதே கலர் வேணுமா, மாத்தவா? ராமர் பச்சை இருக்கு, மயில்கழுத்து இருக்கு. பச்சை எடுப்பா இருக்கும்."

"பச்சை வேணாண்ணே" என்றாள். "பச்சைய அவுக நெறையப் பாத்துட்டாக."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெங்காயச் சருகு நிறத்தைப் போட்டுப் பார்த்தார்கள், அம்மாவுக்குக் கருப்பாகத் தெரியும் என்று தள்ளினாள். கத்தரிப்பூவைப் போட்டார்கள், அது வயசுப் பிள்ளைகளுக்கு என்றாள். வாசலில் இன்னொரு வீட்டுக்காரர்கள் ஆதார் அட்டையைக் கையில் பிடித்தபடி காத்து நின்றார்கள். அவளுக்கு அவசரமே இல்லை.

மாம்பழ மஞ்சளில் வந்து நின்றாள்.

"கரை இன்னுங் கொஞ்சம் அகலமா இருக்கட்டும்ண்ணே."

அவர் கரையை இழுத்தார்.